வேர் அறியும் பசி

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. பசித்தால் குழந்தை அழுகிறது, கன்று கத்துகிறது, மனிதன் கேட்டு வாங்கி உண்கிறான். நின்ற இடத்தை விட்டு நகரவும் இயலாத, வாய் திறந்து ஒரு சொல் சொல்லவும் இயலாத பயிர் தன் பசியை எவ்வாறு அறிகிறது? அறிந்தபின் என்ன செய்கிறது?

விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் வேர் மண்ணிலுள்ள உப்பை உறிஞ்சுகிறது என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. வேர் அளக்கிறது, தேர்ந்தெடுக்கிறது, மிகுந்தால் நிறுத்துகிறது, குறைந்தால் புதிய வழி தேடுகிறது. மூளையும் நரம்பும் இல்லாத ஓர் உயிர் இவ்வளவையும் செய்வதை ஒரே ஒரு சத்தின் வழியாக, பொட்டாசியம் எனப்படும் சாம்பல் சத்தின் வழியாக, இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

சாம்பலில் பிறந்த பெயர்

பயிருக்குப் பெருமளவில் இட வேண்டிய சத்துகள் மூன்று. அவற்றைத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று நம் உழவர்கள் அழைக்கின்றனர். மூன்றாவது பெயர் மிகப் பொருத்தமானது. விறகையும் செடிகொடிகளையும் எரித்த சாம்பலை நீரில் கரைத்து, வடித்து, பானையில் காய்ச்சினால் கிடைக்கும் உப்பிற்கு ஆங்கிலேயர் ‘பாட் ஆஷ்’, அதாவது பானைச் சாம்பல், என்று பெயரிட்டனர். 1807ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி இவ்வுப்பிலிருந்து பெறப்பட்ட காரத்தை உருக்கி, மின்சாரம் செலுத்தி, வெள்ளி போன்ற ஒரு மெல்லிய உலோகத்தைப் பிரித்தெடுத்தார். பானைச் சாம்பலில் பிறந்ததால் அது பொட்டாசியம் ஆயிற்று.

வேதியியல் துறை நண்பர்கள் இதனைத் தம் ஆய்வகத்திலேயே காணலாம். சாம்பலை வடித்த நீரைக் காய்ச்சி எடுத்த உப்பைச் சுடரில் காட்டி, நீலக் கோபால்ட் கண்ணாடி வழியே நோக்கினால் இளஞ்சிவப்புக் கலந்த ஊதா நிறம் தோன்றும். செடி தன் வாழ்நாளெல்லாம் மண்ணிலிருந்து திரட்டிய செல்வமே அந்தச் சுடரில் தெரிகிறது.

1840இல் ஜெர்மானிய அறிஞர் லீபிக், பயிர் மண்ணிலிருந்து எடுத்துச் செல்லும் கனிமங்களை மீண்டும் மண்ணுக்குத் தர வேண்டும் என்று வலியுறுத்தினார். 1861இல் ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட் நகரில் நிலத்தடி உப்புப் படிவிலிருந்து பொட்டாஷ் உரம் செய்யும் தொழிற்சாலை தோன்றியது. இன்று நம் உரக்கடைகளில் சிவந்த உப்பாக மூட்டைகளில் கிடைப்பதும் அத்தகைய படிவுகளிலிருந்து வருவதே.

பொட்டாசியத்தின் பணி

தழைச்சத்து புரதத்தில் இடம்பெறுகிறது. மணிச்சத்து மரபணுப் பொருளில் இடம்பெறுகிறது. பொட்டாசியமோ செடியின் எந்த நிலையான சேர்மத்திலும் உறுப்பாவதில்லை. செல்லினுள் எப்போதும் தனித்த அயனியாகவே நீரில் திரிகிறது. ஆயினும் செடியின் உலர் எடையில் ஏறத்தாழ 2 முதல் 10 விழுக்காடு வரை இதுவே. கட்டடத்தில் கல்லாகவும் இல்லை, மரமாகவும் இல்லை. இருப்பினும் இவ்வளவு வேண்டியிருப்பது ஏன்?

முதலாவது, அறுபதுக்கும் மேற்பட்ட நொதிகள் பொட்டாசியம் இருந்தால்தான் செம்மையாக இயங்கும். புரதம் கட்டும் வேலையும் இதனைச் சார்ந்தது. இரண்டாவது, செல்லினுள் பொட்டாசியம் சேரும்போது சவ்வூடு பரவலால் நீரும் உள்ளே வந்து செல் விறைக்கிறது. இலை நிமிர்ந்து நிற்பதும், வேர் நுனி மண்ணைத் துளைத்துச் செல்வதும் இந்த விறைப்பின் வலிமையால்தான். மூன்றாவது, இலையில் உருவான சர்க்கரையைக் காய்க்கும் கிழங்குக்கும் கொண்டு செல்லும் புளோயப் போக்குவரத்திற்கும் இது இன்றியமையாதது.

இலைத்துளைகள் திறந்து மூடுவதும் பொட்டாசியத்தாலேயே. 1943இல் ஜப்பானிய அறிஞர் இமாமுரா இதனைச் சுட்டிக்காட்டினார். 1960களில் ஃபூஜினோ, ஃபிஷர் ஆகியோரின் ஆய்வுகள் இதனை நன்கு நிறுவின. காப்பு செல்களில் பொட்டாசியம் நுழைந்தால் அவை நீர் ஏற்று வளைகின்றன, துளை திறக்கிறது. வெளியேறினால் தளர்கின்றன, துளை மூடுகிறது. தூங்குமூஞ்சி மரம் மாலையில் இலைகளை மடக்கிக்கொள்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அதன் இலைக்காம்பின் அடியிலுள்ள முண்டில், ஒரு பக்கத்துச் செல்களை விட்டு மறுபக்கத்துச் செல்களுக்குப் பொட்டாசியம் இடம் மாறுவதே இதற்குக் காரணம் என்பதை 1970களில் ரூத் சாட்டர், கால்ஸ்டன் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின.

எனவே, சாம்பல் சத்து குறைந்தால் செடியின் ஓர் உறுப்பு மட்டும் குறைபடுவதில்லை. எல்லா உறுப்புகளின் வேலையும் மந்தமாகிறது.

மண்ணின் வறுமையும் செல்லின் செல்வமும்

மண்ணில் பொட்டாசியத்திற்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பகுதி அபிரகம், ஃபெல்ஸ்பார் போன்ற கனிமங்களினுள் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு சிறு பகுதி. மண்நீரில் கரைந்து, வேருக்கு உடனே கிடைப்பது மிக மிகச் சிறு பகுதி.

ஒரு லிட்டர் மண்நீரில் ஏறத்தாழ 4 முதல் 40 மில்லிகிராம் பொட்டாசியம் இருப்பது வழக்கம். செல்லின் சைட்டோபிளாசத்திலோ ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 4 கிராம் என்ற அளவில் இருக்கிறது. அதாவது வெளியே இருப்பதைப்போல் 100 முதல் 1,000 மடங்கு உள்ளே! இந்த அளவு பெரிதும் மாறாமல் இருந்தால்தான் நொதிகள் ஒழுங்காக இயங்கும். வெளியே பஞ்சமாயினும் பெருக்காயினும் உள்ளே அளவு மாறலாகாது என்பதே செடி தனக்கு விதித்துக்கொண்ட சட்டம். மேலும், வேர் உறிஞ்ச உறிஞ்ச அதனை ஒட்டிய மண்ணில் சத்து வற்றிக்கொண்டே வருகிறது. ஆகவே நல்ல நிலத்திலும்கூட வேரின் தோலுக்கு வெளியே எப்போதும் ஒரு சிறு பஞ்சம் நிலவுகிறது எனலாம்.

மடையும் ஏற்றமும்

குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்திற்கு ஒரு பொருள் எவ்வாறு செல்லும்? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க அறிஞர் இமானுவேல் எப்ஸ்டைன். 1952இல் அவரும் ஹேகனும் பார்லி வேர்களைக் கொண்டு செய்த ஆய்வில், வேர் அயனியை எடுக்கும் வேகம் ஒரு நொதி வேலை செய்யும் வேகத்தின் கணக்கை ஒத்திருப்பதைக் கண்டனர். வேரின் சவ்வில் அயனியைப் பிடித்து உள்ளே விடும் ‘சுமப்பான்’ இருக்க வேண்டும் என்று இதனால் விளங்கிற்று. 1963இல் எப்ஸ்டைனும் அவர் குழுவினரும் மேலும் ஒன்றைக் கண்டனர். வெளியே செறிவு மிகக் குறைவாக இருக்கும்போது ஒரு முறையும், மிகுதியாக இருக்கும்போது வேறொரு முறையும் வேரில் செயல்படுகின்றன.

இவ்விரு முறைகளையும் நம் வயலின் மொழியில் சொல்வதாயின், ஒன்று மடை, மற்றொன்று ஏற்றம். வாய்க்காலில் நீர்மட்டம் உயரமாக இருந்தால் மடையைத் திறந்தாலே போதும், நீர் தானே வயலில் பாயும். மட்டம் தாழ்ந்துவிட்டால் மடையைத் திறந்து பயனில்லை. ஏற்றம் இறைத்துத்தான் நீரை மேலே கொண்டுவர வேண்டும். அதற்கு உழைப்பு வேண்டும்.

வேரின் மடை என்பது சவ்விலுள்ள அயனிக் கால்வாய். இது புரதத்தால் ஆன ஒரு நுண்துளை. பொட்டாசியத்தை இதன் வழியே உள்ளே இழுக்கும் விசை மின்சாரமே. வேர்ச் செல் ஏ.டி.பி.யைச் செலவிட்டு ஹைட்ரஜன் அயனிகளை ஓயாது வெளியே தள்ளுகிறது. இதனால் செல்லின் உட்புறம் எதிர்மின்மை கொண்டு, வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 120 முதல் 200 மில்லிவோல்ட் வரை தாழ்ந்து நிற்கிறது. நேர்மின்மை கொண்ட பொட்டாசியம் அதனை நோக்கி ஈர்க்கப்படுகிறது.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி, உள்ளே 10 மடங்கு மிகுதியாகச் சேர்க்க ஏறத்தாழ 58 மில்லிவோல்ட் வேண்டும். 100 மடங்குக்கு 116. 1,000 மடங்குக்கு 174. செல்லின் மின்னழுத்தம் 175 மில்லிவோல்ட் என்று கொண்டால், மடை வழியாக 1,000 மடங்கு வரை சேர்க்கலாம். உள்ளே லிட்டருக்கு 4 கிராம் என்றால் வெளியே குறைந்தது 4 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அதற்கும் கீழே போனால் மடை பயன்படாது. பயன்படாதது மட்டுமன்று, திறந்திருந்தால் உள்ளிருப்பதும் வெளியே ஒழுகிவிடும்! அந்த நிலையில்தான் ஏற்றம் வேண்டும். வெளியே தள்ளப்பட்ட ஹைட்ரஜன் அயனி மீண்டும் உள்ளே பாயத் துடிக்கிறது. அவ்வாறு பாயும்போது ஒரு பொட்டாசியத்தையும் கையோடு இழுத்து வரும்படி அமைந்த புரதமே வேரின் ஏற்றம்.

இவை கற்பனை அல்ல. கடுகு குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியிலிருந்து, ஏ.கே.டி.-1 என்ற கால்வாயின் மரபணு 1992இல் பிரித்தெடுக்கப்பட்டது. பொட்டாசியம் எடுக்க இயலாத ஈஸ்ட்டினுள் செடியின் மரபணுக்களைச் செலுத்தி, எது அதனைப் பிழைக்க வைக்கிறது என்று பார்த்து இதனைக் கண்டுபிடித்தனர். இக்கால்வாய் பழுதான செடிகளின் வேர் பொட்டாசியத்தைச் சரிவர எடுப்பதில்லை என்பது 1998இல் மெய்ப்பிக்கப்பட்டது. ஏற்றத்தின் வேலையைச் செய்வது எச்.ஏ.கே.-5 என்ற புரதம். ஒரு லிட்டர் நீரில் அரை மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்தாலும் இது இறைத்துவிடும்.

சோடியம் பொட்டாசியத்தைவிடச் சிறிய அயனியாயிற்றே, பெரியது நுழையும் துளையில் சிறியது நுழையாதா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். நீரில் ஒவ்வோர் அயனியும் நீர் மூலக்கூறுகளைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டிருக்கிறது. கால்வாயின் குறுகிய பகுதியில் ஆக்ஸிஜன் அணுக்கள் வளையம் வளையமாக நிற்கின்றன. பொட்டாசியம் போர்வையைக் களைந்து நுழையும்போது, இழந்த நீருக்கு ஈடாக அந்த ஆக்ஸிஜன்கள் அதனைச் சரியாகத் தாங்கிக்கொள்கின்றன. சோடியம் சிறியதாகையால் அவை அதற்கு எட்டுவதில்லை. எனவே அது போர்வையைக் களைய முன்வருவதில்லை. பாக்டீரியா ஒன்றின் பொட்டாசியக் கால்வாயின் வடிவத்தை 1998இல் கண்டு இதனை விளக்கிய ராடரிக் மக்கின்னன் 2003இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். செடியின் கால்வாய்களிலும் இதே அமைப்பே உள்ளது.

பசி தெரியும் விதம்

மடையும் ஏற்றமும் இருந்தால் மட்டும் போதாது. எப்போது எதனை இயக்குவது என்று சொல்ல ஒருவர் வேண்டும். வயலில் அதனை நீர்பாய்ச்சுபவர் செய்கிறார். வேரில் செய்வது யார்?

வெளியே பொட்டாசியம் குறைந்த சில நிமிடங்களிலேயே முதல் மாற்றம் நிகழ்கிறது. வேர்ச் செல்லின் உட்புற எதிர்மின்மை மேலும் மிகுகிறது. மற்ற சத்துகளைவிடப் பொட்டாசியத்திற்கே சவ்வு மிகுதியாக வழிவிடுவதால், அதன் அளவு மாறினால் மின்னழுத்தமும் மாறுகிறது. செடிக்கு இதுவே ஒரு வோல்ட்மானி எனலாம். இம்மாற்றத்தைத் தொடர்ந்து கால்சியம் அயனி சைகையாக எழுகிறது.

இச்சைகை மடையை எவ்வாறு திறக்கிறது என்பதை 2006இல் சீனாவின் பெய்ஜிங் நகரில் வூ வெய்ஹுவா அவர்களின் ஆய்வுக்குழு அழகாக விளக்கியது. பொட்டாசியம் குறைந்த ஊடகத்தில் பல்லாயிரம் நாற்றுகள் முளைக்க வைக்கப்பட்டால், மரபணுப் பழுதுள்ள ஒரு சில மட்டும் மற்றவற்றுக்கு முன்பே இலை வெளுக்கும். அப்படி வெளுத்த செடி ஒன்றை எடுத்து ஆராய்ந்தபோது, அதில் பழுதுபட்டிருந்தது கால்வாய் அன்று, சி.ஐ.பி.கே.-23 என்னும் கைனேஸ் நொதி. அதாவது மடை இருக்கிறது, திறப்பவர் இல்லை! கால்சியம் வந்ததும் சி.பி.எல்.-1, சி.பி.எல்.-9 என்னும் இரு புரதங்கள் அதனைப் பற்றிக்கொண்டு, இந்தக் கைனேஸை அழைத்துச் சவ்வின் அருகே நிறுத்துகின்றன. கைனேஸ், கால்வாயின் மீது ஒரு பாஸ்பேட்டை முத்திரைபோல் பதிக்கிறது. மடை திறக்கிறது. கால்வாய், கைனேஸ், சி.பி.எல். ஆகியவற்றைத் தவளை முட்டையினுள் சேர்த்துவைத்தபோது அங்கும் மின்னோட்டம் பாய்ந்தது. கைனேஸ் இல்லாதபோது பாயவில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஷெங் லுவான் குழுவினரும் இதே முடிவை அடைந்தனர்.

முன்பு கூறிய ஒழுகும் ஆபத்தையும் செடி மறக்கவில்லை. கே.சி.-1 என்னும் துணைப்புரதம் கால்வாயோடு சேர்ந்துகொண்டு, மின்னழுத்தம் போதிய அளவு தாழ்ந்தால் மட்டுமே அது திறக்குமாறு கட்டுப்படுத்துகிறது. உள்ளே வரும்போது திறந்தும் வெளியே போக இருக்கும்போது அடைத்தும் நிற்கும் மடைக் கதவு இது.

பஞ்சம் சில மணி நேரம் நீடித்தால் இரண்டாம் கட்ட ஏற்பாடு தொடங்குகிறது. வேரில் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைமிகு ஆக்ஸிஜன் பொருள்கள் உண்டாகின்றன. மிகுந்தால் செல்லையே கொல்லவல்ல இப்பொருள்களைச் செடி சிறிதளவில் தூதாகப் பயன்படுத்துகிறது என்பதை 2004இல் ஷின், ஷாக்ட்மேன் ஆகியோர் காட்டினர். எத்திலீன் என்னும் ஹார்மோனும் இதில் பங்கு கொள்கிறது. முடிவில் எச்.ஏ.கே.-5 மரபணு விழித்துக்கொள்கிறது. நல்ல காலத்தில் அம்மரபணுவின் மீது ஒரு தடுப்புப் புரதம் அமர்ந்திருக்கிறது. பஞ்ச காலத்தில் அதன் மீதும் பாஸ்பேட் முத்திரை விழ, அது விலகிக்கொள்கிறது. ஏற்றம் புதிதாகக் கட்டப்பட்டுச் சவ்வில் நிறுத்தப்படுகிறது.

இந்தப் பசியை வேர் முழுவதும் ஒரே சீராக உணர்கிறதா? இல்லை என்கிறது 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் குட்லா அவர்களின் குழுவினர், செல்லினுள் பொட்டாசியத்தின் அளவை ஒளியால் காட்டும் புரதங்களைக் கொண்டு வேரை நோக்கினர். வேர் நுனிக்குச் சற்று மேலே, உட்புறத்திலுள்ள ஒரு சிறு செல் கூட்டத்திலேயே முதலில் அளவு குறைந்தது. கால்சியம் சைகையும் அங்கேயே எழுந்தது. வேரின் ‘பொட்டாசியம் அறியும் இடம்’ என்று அதனை அவர்கள் அழைத்தனர். ஆயினும், பொட்டாசியத்தை முதன்முதலில் தொட்டறியும் மூலக்கூறு எது என்னும் கேள்வி அறிவியல் உலகில் இன்னும் முடிந்த வழக்காகிவிடவில்லை.

சேமிப்பும் பங்கீடும்

மிகுந்தபோது செடி என்ன செய்கிறது? 1976இல் அந்தோணி கிளாஸ், பார்லி வேரினுள் பொட்டாசியம் ஏற ஏற, அது மேலும் எடுக்கும் வேகம் குறைந்துகொண்டே வருவதைக் காட்டினார். வயிறு நிறைந்தவன் கையை மறிப்பதைப் போன்றது இது. எடுத்ததில் ஒரு பகுதி, செல்லின் நடுவே நீர் நிரம்பிய பையாகிய வாக்குவோலில் சேமிக்கப்படுகிறது. அதுவே செடியின் குதிர். பஞ்சம் வந்தால் குதிர் திறக்கப்படுகிறது; அப்போதும் கால்சியம், சி.பி.எல்., கைனேஸ் என்னும் அதே வகை ஏற்பாடே வாக்குவோலின் சவ்வில் வேலை செய்கிறது. வாக்குவோலின் இருப்புக் குறைந்தாலும் சைட்டோபிளாசத்தின் அளவு எளிதில் குறைய விடுவதில்லை. குடும்பம் நடத்தும் தாய், குதிரில் நெல் குறைந்தாலும் உலையில் அரிசி குறையாமல் பார்த்துக்கொள்வதைப் போன்றதே இதுவும்.

அடுத்தது பங்கீடு. வேரில் வந்த பொட்டாசியம் சைலம் வழியே இலைக்குச் செல்கிறது. இலையிலிருந்து ஒரு பகுதி புளோயம் வழியே மீண்டும் வேருக்கு வருகிறது. மேலே தேவை குறைவாயின் திரும்பி வருவது மிகுதியாகும்; தேவை மிகுதியாயின் திரும்புவது குறையும். மேலேயுள்ள நிலையை வேர் இதனாலேயே அறிகிறது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். உண்மைப் பஞ்சம் வந்துவிட்டால், செடி தன் முதிய இலைகளிலிருந்து பொட்டாசியத்தைப் பெயர்த்து இளந்தளிருக்கும் கதிருக்கும் அனுப்புகிறது. சாம்பல் சத்துக் குறைபாடு முதலில் அடியிலைகளின் ஓரத்தில் மஞ்சளாகவும், பின்னர் தீய்ந்த பழுப்பாகவும் தோன்றுவது இதனால்தான். மூத்தவர் பட்டினி கிடந்து பிள்ளைகளுக்கு ஊட்டும் காட்சி அது.

வியப்பான குறை ஒன்றும் உண்டு. 1975இல் ட்ரூ என்னும் ஆய்வாளர் பார்லி வேரின் ஒரு பகுதிக்கு மட்டும் சத்தை மிகுதியாகக் கொடுத்துப் பார்த்தார். நைட்ரேட்டோ பாஸ்பேட்டோ கிடைத்த இடத்தில் பக்கவேர்கள் செழித்துக் கிளைத்தன. பொட்டாசியம் கிடைத்த இடத்தில் அவ்வாறு கிளைக்கவில்லை. சவ்வின் அளவில் இவ்வளவு நுட்பமாகப் பசியறியும் செடி, வேரை அந்தச் சத்தின் பக்கம் பரப்புவதில் அத்துணை ஊக்கம் காட்டுவதில்லை. ஆகவே உரத்தை ஓரிடத்தில் குவியலாகக் கொட்டிவிட்டு, செடி தேடி வந்து எடுத்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது.

வயலுக்கு வருவோம்

நான் வாழையும் நெல்லும் பயிரிடும் குடும்பத்திலிருந்து வருபவன். சென்ற விடுமுறையில் என் பெரியப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “யூரியா போட்டா நாலாம் நாளே வயல் கறுகறுன்னு பச்சை கட்டுது. பொட்டாஷ் போட்டா கண்ணுக்கு என்னப்பா தெரியுது? காசு குடுத்து எதுக்கு வாங்கணும்?” இது ஒருவரின் கேள்வி அன்று, நம் உழவர் பெருமக்களில் பெரும்பாலோரின் கேள்வி. இதற்கு விடை சொல்ல இயலாத தாவரவியல் படிப்பால் ஊருக்கு என்ன பயன்?

நான் அவருக்குச் சொன்ன விடை இதுதான். பொட்டாஷ் பற்றாத செடி முதலில் தன் குதிரைத் திறக்கிறது. பிறகு ஏற்றம் கட்டி, உழைப்பைச் செலவிட்டு இறைக்கிறது. பிறகு அடியிலையைப் பட்டினி போடுகிறது. இவ்வளவும் செய்து தோற்ற பிறகுதான் இலையோரம் தீய்வது நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு முன்பே தண்டு வலுவிழந்திருக்கும். சர்க்கரை தார்க்கும் கதிருக்கும் சரியாகப் போய்ச் சேர்ந்திராது. வறட்சி வந்தால் இலைத்துளையைச் சரிவர அடைக்க இயலாது போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்நிலையையே ‘மறைபசி’ என்கின்றனர் வேளாண் அறிஞர்கள். செடி இவ்வளவு திறமையாகச் சமாளிப்பதே நம்மை ஏமாற்றிவிடுகிறது. பச்சையைப் பார்த்து அளக்கக் கூடாத சத்து இது; காய்ப் பருமனிலும், மணியின் எடையிலும், சாயாமல் நிற்கும் தண்டிலும் அளக்க வேண்டியது.

வேறு மூன்று செய்திகளும் இங்கு எண்ணத்தக்கவை. முதலாவது, யூரியா மண்ணில் அம்மோனியமாக மாறுகிறது. அம்மோனிய அயனியின் பருமன் பொட்டாசியத்தை ஒத்தது. எச்.ஏ.கே. வகை ஏற்றங்களின் வேலையை அம்மோனியம் தடுக்கிறது என்றும், ஏ.கே.டி.-1 மடையை அவ்வாறு தடுப்பதில்லை என்றும் ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. எனவே சாம்பல் சத்து வற்றிய நிலத்தில் யூரியாவை மட்டும் அள்ளி இடுவது, ஏற்றம் இறைப்பவனின் கையைப் பிடித்து இழுப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி நெல்மணியில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. வைக்கோலை மாடு தின்று, சாணமும் கோமியமும் எருவாகி வயலுக்குத் திரும்பிய காலத்தில் இச்சத்து ஊரைவிட்டுப் போகவில்லை. இன்று இயந்திரத்தால் கட்டுக் கட்டாக உருட்டி வண்டியேற்றி விற்கும்போது, ஆண்டுதோறும் நிலத்தின் சாம்பல் சத்தும் சேர்ந்தே விலைபோகிறது. அந்த விலையில் பொட்டாஷின் விலை சேர்ந்திருக்கிறதா என்று கேட்பார் இல்லை.

மூன்றாவது, பொட்டாஷ் உரத்திற்கு நம் நாடு பெரிதும் கனடா, ரஷ்யா, பெலாரஸ் போன்ற பிற நாடுகளையே நம்பியிருக்கிறது. 2010இல் சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் வந்தபோது யூரியா அதற்கு வெளியே, விலைக்கட்டுப்பாட்டில் நிறுத்தப்பட்டது. பொட்டாஷின் விலை ஏறியது. யூரியா மலிவாகவே நின்றது. உழவன் மலிந்ததை மிகுதியாக வாங்கியதில் வியப்பில்லை.

செய்யத்தக்கவை

மண்பரிசோதனை செய்து பார்த்து உரமிடுவதே நேர்வழி. ஒரு எக்டேரில் கிடைக்கும் சாம்பல் சத்து 118 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு என்றும், 280 கிலோவுக்கு மேல் இருந்தால் மிகுதி என்றும், இடைப்பட்டது நடுத்தரம் என்றும் கொள்வர். மிகுதியான நிலத்தில் செடி தானே கையை மறித்துவிடும். அங்கே இடும் செலவு வீண். குறைவான நிலத்தில் அடியுரமாக மட்டுமின்றிப் பிரித்தும் இட வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் இது மிகவும் தேவை. வாழைத் தண்டு, வைக்கோல், தோகை ஆகியவற்றில் இயன்றதை நிலத்திற்கே திருப்ப வேண்டும். பொட்டாசியம் எந்தச் சேர்மத்திலும் கட்டுண்டு கிடப்பதில்லையாதலால், கழிவு முழுதும் மட்கும் வரை காத்திராமல் மழையிலேயே பெரும்பகுதி கரைந்து மண்ணைச் சேர்ந்துவிடும்.

அறிவியலின் பக்கமும் நம்பிக்கை தருகிறது. பெய்ஜிங் ஆய்வில், அந்தக் கைனேஸை மிகுதியாக ஆக்கும்படி செய்த செடிகள் குறைந்த பொட்டாசியத்திலும் பச்சை குன்றாது நின்றன. நெல்லிலும் இதே குடும்பத்துக் கால்வாய்களும் ஏற்றங்களும் இருப்பது அறியப்பட்டுள்ளது. குறைந்த சத்தைக் கொண்டு நிறைந்த விளைவு தரும் வகைகளைத் தேர்ந்தெடுக்க இவ்வறிவு உதவும். ஆயினும், எவ்வளவு திறமையான ஏற்றமும் வற்றிய கிணற்றில் நீர் இறைக்காது. எடுத்ததைத் திருப்பித் தராத நிலத்தில் எந்த வகையும் நெடுங்காலம் தாங்காது என்பதை நாம் மறத்தலாகாது.

நம் கல்லூரியில் பயிலும் மாணவர்களில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். வகுப்பறையில் அயனி, சவ்வு, கைனேஸ் என்று படிப்பவை தேர்வுக்குப் பின் மறந்துபோக வேண்டியவை அல்ல. நம் வீட்டு வயலில் ஒவ்வொரு வேர்நுனியிலும் இந்நேரமும் அவை நடந்துகொண்டிருக்கின்றன. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள், மண்ணை ஒரு பையில் அள்ளி அருகிலுள்ள மண்பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, வரும் விடையைப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுவார்களாயின், நாம் கற்ற தாவரவியல் பயனுடையதாகும். பயிர் அழுவதில்லை, அதன் இலையோரம் தீயும் வரை காத்திராமல் அதன் பசியை அறிந்து ஊட்டுவது கற்றவரின் கடமையாகும்.